ராகு காலத்துப் பதிவு

பேச்சிச்செல்விக்கு ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். மூக்கை மட்டும் லேசாகச் சுருக்குவாள். தூத்துக்குடியில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் முடித்துக் கொடுக்கிற கிளியரிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அந்த மூக்குக்குப் பயப்படாதவர்கள் குறைவு. எடையைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வருகிற ஏற்றுமதிக்காரர், இப்பவே முடித்துத் தாருங்கள் என்று பறக்கிற புரோக்கர், எல்லோருமே காகிதத்தை அவள் மேசையில் வைத்துவிட்டு முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள்.

ஏரலில் இருந்து காலை பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் கொஞ்சம் வயல். வீட்டுக்காரர் மாரிச்செல்வத்துக்கு ஏரல் பஜாரில் உரக்கடை. பி.காம் முடித்த கையோடு ஆறுமுகநயினார் ஆபீஸில் சேர்ந்தவள், பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. மருந்துக்குப் போகிற நிலாவாரை இலை, கயிறு திரிக்கிற தென்னந்தும்பு, கருவாடு என்று இந்தக் கரையிலிருந்து கப்பலேறுகிற சரக்குக்குக் காகிதம் தயாரிப்பது அவள். கஸ்டம்ஸில் கேள்வி கேட்டால் பதில் எழுதுவது அவள். கண்டெய்னர் துறைமுக கேட்டில் நின்றுபோனால் டிரைவர் கூப்பிடுவது அவளைத்தான். ஆனால் எந்தக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் ஆறுமுகநயினார் கையெழுத்துதான் இருக்கும். எக்ஸ்போர்ட் இன்சார்ஜ் என்று ஒரு நாற்காலி, காகிதத்தின் மூலையில் தன் பேர். இதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"நம்ம ஆபீஸுக்குள்ள பேரு என்னத்துக்குளா? நான் வேற நீ வேறயா?" என்று சிரித்தார் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. சிரித்து முடித்ததும் பேச்சும் முடிந்துவிட்டது.

ஆறுமுகநயினார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். அப்பா பலசரக்குக் கடையில் சேர்த்ததை வைத்து லைசென்ஸ் எடுத்து ஆபீஸ் போட்டவர். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஏளா செல்வி, இன்னைக்கு நேரம் எப்படி?" என்பதுதான். நாள் காட்டி அவள் மேசைக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் அவள் வாசிப்பாள். செக்கில் கையெழுத்து, புதுப் பார்ட்டிக்கு போன், எல்லாமே அதன்படிதான். கப்பல் மட்டும் தன் இஷ்டத்துக்குக் கிளம்புகிறது என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு பெரிய குறையாகவே அவர் கருதினார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த ஒரு நாள் வகுப்புக்குப் போனார். கோட்டுப் போட்டு சாக்ஸ் போடாத ஒரு பயிற்சியாளர் லிங்க்ட்இன் பற்றிப் பாடம் நடத்தினாராம். தொழில் செய்கிறவர்கள் அதில் விடாமல் எழுத வேண்டுமாம், விட்டால் உலகம் மறந்துவிடுமாம், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டால் தங்கமாம். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அண்ணாச்சி சென்னைக்கே போன் போட்டார்.

"சார், உங்க படிப்புல ராகு காலம்லாம் பாக்க மாட்டாங்களா?" 

அந்த ஆள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தானாம். அதில் அண்ணாச்சிக்கு ரெண்டு நாள் வருத்தம்.

நேரத்தைத் தானே திருத்திக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வாரம் தினமும் பதிவு. திருச்செந்தூர் முருகன் படத்தோடு காலை வணக்கம். துறைமுக கேட் முன்னால் அவர். கண்டெய்னர் முன்னால் அவர். மருமகன் மொபைல் கடைக்கு ரிப்பன் வெட்டும் அவர். தலைமை என்பது ஒரு பயணம் என்று எழுதி, கீழே அவருடைய காரின் படம். இரண்டாம் வாரம் மூன்று பதிவு வந்தது. மூன்றாம் வாரம் ஒன்றும் இல்லை. நான்காம் வாரம் பேச்சிச்செல்வியின் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏளா செல்வி, நீ இங்கிலீஷ் நல்லா எழுதுவியே."

மூக்கு சுருங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வேண்டாததைக் கவனிக்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

அன்றைக்குத்தான் அவள் அந்த லிங்க்ட்இன் சந்தைக்குள் முதல் தடவையாக நுழைந்து பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் பணிவோடு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டயர் பஞ்சராகி நின்றதில் நிர்வாகம் கற்றிருந்தார். இன்னொருவர் தாயார் இறந்த அன்றும் மீட்டிங்கில் கலந்துகொண்டதை எழுதி, அதற்கு ஐந்நூறு பேர் கைதட்டியிருந்தார்கள். எதிர் ஆபீஸ் செந்தூர்வேல் அதில் உலக வணிகச் சிந்தனையாளராக இருந்தான். சாக்கோடு சேர்ந்த எடைக்கும் சாக்கு இல்லாத எடைக்கும் வித்தியாசம் தெரியாமல் போன மாதம்தான் ஒரு லோடு கருவாட்டை நிறுத்திவைத்துக்கொண்டு, "யக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று இவளிடம் ஓடி வந்தவன். தினம் ஒரு சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆனால் எந்த வேலையையும் ஒப்புக்குச் செய்யத் தெரியாதது அவளுடைய நோய். அண்ணாச்சிக்கு ஏன் மூன்றே வாரத்தில் மூச்சு முட்டியது என்று யோசித்தாள். இன்றைக்கு என்ன பெரிய விஷயம் சொல்லலாம் என்று உட்கார்ந்து யோசித்தால் சாயங்காலத்துக்குள் யாருக்கும் சரக்கு தீர்ந்துபோகும். துறைமுகத்தில் தினமும் ஏதாவது ஒன்று கோணலாகிறது. அதைச் சொன்னால் போதும். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அன்றைக்கு நடந்த ஒன்றைப் போனில் பேசிப் பதிந்துவைப்பாள். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் அடங்கியதும், அந்த வாரத்துப் பேச்சில் உருப்படியான இரண்டையோ மூன்றையோ எடுத்து, ஒவ்வொன்றையும் எட்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதி, அடுத்த வாரத்து நல்ல நேரங்களில் தானாகப் போகும்படி ஏற்றிவைப்பாள். வேலை நெருக்குகிற வாரத்துக்கென்று ரெண்டு எப்போதும் கைவசம் இருக்கும். போட்ட பிறகு யார் பார்த்தார், யார் கைதட்டினார் என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. மூன்று வருஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஈரம் காயாத இலையை அடைத்தால் கண்டெய்னருக்குள் எப்படி வேர்க்கும், வாங்குகிறவர் பெயரில் ஓர் எழுத்து மாறினால் சரக்கு எங்கே போய் நிற்கும் என்றெல்லாம் எழுதினாள். கொச்சியிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் அண்ணாச்சியை வியந்தார்கள். அண்ணாச்சி கைகூப்பும் பொம்மையை எல்லோருக்கும் அனுப்பினார். வந்தவர்களிடம் முதல் மூன்று மாதம், "நம்ம செல்வி எழுதுதா" என்றார். ஆறாவது மாதம், "நான் சொல்லுதேன், செல்வி டைப் அடிக்கா" என்றார். வருஷம் முடிவதற்குள் செல்வி அந்த வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விட்டாள்.

போன வருஷம் கந்த சஷ்டி சமயம். காகிதங்களைக் கஸ்டம்ஸுக்கு அனுப்ப அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கையெழுத்து வேண்டும். அதற்கு விரல் நீளத்தில் ஒரு சாவி உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் கையெழுத்து விழும். அண்ணாச்சி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய், போனையும் அணைத்துவிட்டார். கோவிலுக்குள் சட்டை போடக் கூடாது. சட்டை லாட்ஜ் கொடியில் தொங்கியது, சாவி சட்டைக்குள் தொங்கியது. இங்கே மாசானம் என்ற டிரைவர் கண்டெய்னரோடு கேட்டுக்கு வெளியே கிடந்தான். மழை வேறு. கப்பல் போய்விட்டது. திரும்பி வந்த அண்ணாச்சி ஏற்றுமதிக்காரருக்குப் போன் போட்டு, போர்ட்டில் ஒரே நெரிசல், நாம் என்ன செய்ய முடியும் என்று சொன்னதைப் பேச்சிச்செல்வி தன் காதால் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை, ஏரல் பஸ்ஸில் நின்றுகொண்டே, அண்ணாச்சி பேரில் எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "போன வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் எங்கள் கண்டெய்னர் இல்லாமல் கிளம்பியது. காரணம் துறைமுகம் இல்லை, மழை இல்லை, அதிகாரிகள் இல்லை. கையெழுத்துச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை வேறு ஊரில் ஒரு கொடியில் தொங்கியது. டிரைவர் இரண்டு இரவு வண்டிக்கு அடியில் படுத்தார். வாடிக்கையாளரிடம் நான் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது." போட்டுவிட்டு மணி பார்த்தாள். எட்டு. நட்டநடு ராகு காலம். மத்தியானத்துக்குள் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள், போகட்டும் என்றும் நினைத்தாள்.

அண்ணாச்சி போனைப் பிடித்தபடி அறையிலிருந்து ஓடி வந்தார். "ஏளா, என்னளா செஞ்சு வச்சிருக்க! அதுவும் ராகு காலத்துல!" இரண்டாவது குற்றம்தான் அவரை அதிகம் வாட்டியதாகத் தெரிந்தது. அழிக்கச் சொல்லி வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. அந்த ஏற்றுமதிக்காரரே பேசினார். இப்படி ஒத்துக்கொள்கிற மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி என்று தழுதழுத்தார். அண்ணாச்சி நின்ற இடத்திலேயே ஒரு சுற்று நிமிர்ந்தார்.

"மனசுல பட்டதச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும். ஆயிரக்கணக்கில் கைதட்டல். என்ன நேர்மை, என்ன தலைமைப் பண்பு! ஒரு வணிகச் சங்கம் அவரை அழைத்துப் பணிவைப் பற்றிப் பேசச் சொல்லி, சால்வை போட்டது. ஈரத்தில் படுத்துக் காய்ச்சல் கண்ட மாசானமே கூப்பிட்டு, "யக்கா, நம்ம அண்ணாச்சி பெரிய மனுசன்க்கா" என்றான். அண்ணாச்சிக்கு ஒரே ஒரு குறை.

"ராகு காலத்துலயே இவ்வளவு போயிருக்குன்னா, நல்ல நேரத்துல போட்டிருந்தா எங்க போயிருக்கும்ளா!"

இந்த வருஷம் ஒரு வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி தூத்துக்குடியில் புதிதாக ஆபீஸ் திறந்தது. எக்ஸ்போர்ட் டெஸ்க்குக்குத் தலைமைப் பொறுப்பு, ஆள் தேவை. பேச்சிச்செல்வி யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டலில் இன்டர்வியூ. அண்ணாச்சியிடம் ஊரில் ஒரு சோலி என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சேலையில் போய் உட்கார்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் சென்னையிலிருந்து ஆள் எடுக்க வந்த சரண்யாதேவி. தொழில் கேள்வி எல்லாவற்றுக்கும் பேச்சிச்செல்வி டக் டக் என்று பதில் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பினாள்.

"எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் சூப்பர். ஆனா உங்க ப்ரொஃபைல்ல ஒண்ணுமே இல்லையே. ஃபோட்டோகூட இல்ல. உங்க பாஸைப் பாருங்க. அந்தச் சாவி போஸ்ட்டை நான் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பினேன். அப்படி ஒருத்தர்கிட்ட பன்னிரண்டு வருஷம் இருந்துட்டு நீங்க எதுவும் கத்துக்கலையா?"

பேச்சிச்செல்விக்கு மூக்கு சுருங்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அத எழுதினதே நான்தான் மேடம்."

சரண்யாதேவி அனுதாபத்தோடு சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நேத்துல இருந்து இப்படிச் சொல்ற மூணாவது ஆள் நீங்க. எல்லாருமே அவங்கவங்க பாஸுக்கு எழுதிக் குடுத்தேன்னுதான் சொல்றாங்க."

சுவர்க் கடிகாரம் ஒன்பதரையை நெருங்கியிருந்தது. புதன்கிழமை, நல்ல நேரம். 

"ஒன்பதரைக்கு எங்க அண்ணாச்சி பேர்ல ஒண்ணு வரும் மேடம். அதுல என்ன இருக்கும்னு இப்பமே சொல்லுதேன்" என்றாள். எழுதின அதே ஆங்கிலத்தில் சொல்லவும் ஆரம்பித்தாள். தமிழில் இப்படி வரும்:

"மூட்டைக்கு மார்க் போடுவதை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. யார் அனுப்புகிறார், யாருக்குப் போகிறது என்று சாக்கின் மேல் மையால் எழுதுகிற நாலு எழுத்து. போன வாரம் ஒரு லோடு தும்பு மார்க் இல்லாமல் வந்தது. நல்ல சரக்கு. ஆனால் போய் இறங்குகிற ஊரில் அது யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. மார்க் இல்லாத சரக்கை யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்."

கடைசி வரியில் குரல் உள்ளே போய்விட்டது. சனிக்கிழமை அதை எழுதும்போது தும்பைத் தவிர வேறெதையும் அவள் நினைத்திருக்கவில்லை. இப்போது தன் வாயால் கேட்டபோது அவமானமாக இருந்தது.

சரண்யாதேவி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரை ஆனதும் பதிவு வந்து விழுந்தது. ஒரு வார்த்தை மாறவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பேச்சிச்செல்வி சேலை முந்தியைச் சரிசெய்துகொண்டாள்.

"எக்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு செந்தூர்வேல்னு ஒருத்தரைக் கிட்டத்தட்ட முடிச்சுட்டோம். தினமும் போஸ்ட் போடுறவர், நல்ல விசிபிலிட்டி. ஆனா உங்களை விட மாட்டோம். எங்க ரீஜனல் டைரக்டருக்கு உங்களை மாதிரி ஒருத்தர்தான் வேணும். வாரத்துக்கு மூணு போஸ்ட், அவர் பேர்ல. இப்ப வாங்குறதைவிட சம்பளம் நல்லாவே கூட வரும்."

திருட்டுப் போனதை நிரூபித்தவளைக் கூப்பிட்டு, இன்னொரு திருடனிடம் வேலைக்கு வருகிறாயா என்று கேட்கிறார்கள். அதையும் எவ்வளவு சந்தோஷமாகக் கேட்கிறார்கள்! பேச்சிச்செல்வி எழுந்தாள்.

"உங்க டைரக்டருக்கு ராகு காலம் பாக்கணுமா மேடம்?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. எனக்கு இந்தச் சோலி வேண்டாம்."

ஆபீஸுக்குத் திரும்பியபோது அண்ணாச்சி தன் அறையில் ஒரு பார்ட்டிக்கு அந்தப் பதிவைத் தமிழில் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். "மார்க் இல்லாத சரக்கை யார் வேணாலும் தன்னோடதுன்னு சொல்லிக்கிடலாம். எப்படி? பஸ்ல வரும்போது தோணிச்சு." அண்ணாச்சி பஸ்ஸில் ஏறி இருபது வருஷமாகிறது. வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டு, "ஏளா செல்வி, நீயும் இதையெல்லாம் படிக்கணும்ளா" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

மேசையில் உட்கார்ந்து, அந்த வாரத்துக்கு ஏற்றிவைத்திருந்த மிச்சத்தையும் கைவசம் இருந்த ரெண்டையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பிறந்தும் பதிவு வரவில்லை. அண்ணாச்சி வெளியே வந்தார்.

"ஏளா, இன்னைக்கு ஒண்ணும் வரலயே?"

"நீங்க எழுதித் தாங்க அண்ணாச்சி, ஏத்திவிடுதேன். பஸ்ல வரும்போது ஏதாவது தோணியிருக்கும்லா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார். "என்னளா இது? நான் வேற நீ வேறயா?"

"ஆமா அண்ணாச்சி. வேறதான்."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் முதல் தடவையாக அந்த மூக்கைக் கவனித்தார். அவளை வேலையை விட்டு அனுப்பலாம். அனுப்பினால் மத்தியானம் கப்பலேற வேண்டிய சரக்குக்கு யார் காகிதம் போடுவது என்று இருவருக்கும் தெரியும். திரும்பி உள்ளே போனார். கண்ணாடித் தடுப்பு வழியாக எல்லாம் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டினார். போனை எடுத்தார். டீ வரவழைத்தார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து போனை நீட்டினார். திரையில் வணக்கம் என்று ஒரு வார்த்தை இருந்தது.

"இதுக்கு மேல என்ன போட?" என்றார். அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "பத்தரை ஆச்சே, ராகு காலம் வந்துட்டா?"

"வந்துட்டு."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்பம் இப்ப போட முடியாது" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பேச்சிச்செல்வி தன் போனை எடுத்தாள். தன் பேர் மட்டும் இருந்த அந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். எட்டு வரி எழுதினாள். முதல் வரி இப்படி இருந்தது: "போன வருஷம் அந்தச் சாவி யார் சட்டைப் பையில் இருந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை எழுதியது யார் என்று இன்றைக்குச் சொல்கிறேன்." கடைசியில் முழுப் பேரையும் போட்டாள்.

"ஏளா செல்வி," உள்ளேயிருந்து குரல் வந்தது. "ராகு காலம் முடிய இன்னும் எவ்வளவு கெடக்கு?"

"நெறைய கெடக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அவள் பொத்தானை அமுக்கினாள்.